ரெண்டாம் சனிக்கிழமை குமுளிக்குப் போகலாமா?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பள்ளி நோட்டில் கிழித்த தாளில் ஆறு பக்கம். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 31. கணவர் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருவார். காய் எடுப்புக் காலத்தில் இவரும் அதே ஜீப்பில் வண்டன்மேட்டுப் பக்கம் வேலைக்குப் போகிறவர். மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று நாலு வயதில் சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுகிறான். கோபம் வந்தால் தன் கையையே கடித்துக்கொள்கிறான், நடுரோட்டில் படுத்துவிடுகிறான். பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் தினமும் பதினொரு மணிக்கே போன் வந்துவிடும், “வந்து கூட்டிட்டுப் போங்க” என்று. மாமியார் போய்க் கூட்டிவருவார்.

தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு மலையாளச் சேச்சி, மலை தாண்டிக் கேரளப் பக்கம் இருக்கும் குமுளியில் ஒரு வாயனசாலைக் (படிப்பகக்) கூடத்தில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை இப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் கூடுவதாகச் சொல்லி அழைத்திருக்கிறார். எட்டுப் பத்துப் பெண்கள், ஒரே ஒரு அப்பா. இவர் ஒரு முறை மகனோடு போனார். போன வேகத்தில் மகன் டீ டம்ளரைத் தட்டிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் எழுந்து, கடகடவென்று சத்தம் போட்ட மின்விசிறியை அணைத்தார். இன்னொருவர் “சாரமில்லா” (பரவாயில்லை) என்று சொல்லிக்கொண்டே டீயைத் துடைத்தார். “அன்றைக்கு ஒரு மணி நேரம் அழுதேன் டாக்டரம்மா. மூணு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் அன்று ராத்திரிதான் வந்தது” என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம்தான் பிரச்சினை. மகன் கத்துவதை யாரோ வீடியோ எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட, அது சுற்றிச் சுற்றி மாமியார் வரை வந்துவிட்டது. நாத்தனாருக்கு வரன் பார்க்கும் நேரம். “வீட்டு விஷயத்தை மலை தாண்டிப் போய் விற்றுவிட்டு வந்தாயா” என்று கணவர் கேட்டாராம். இனிமேல் போகக் கூடாது என்று உத்தரவு. அதே கூட்டத்தில் ஒருவர் 18,000 ரூபாய்க்கு ஒரு பொடியைச் சிபாரிசு செய்தது, கை கடிப்பதற்கு மிளகாய் தடவச் சொன்னது, கேரளத்தில் சான்றிதழ் எடுத்தால் அங்கே தரும் 600 ரூபாய் உதவித்தொகையும் வரும் என்றது என்று குழப்பங்கள் வேறு. போகலாமா, வேண்டாமா என்பதுதான் கடைசிக் கேள்வி.

*

முதலில் உங்கள் ஐந்தாம் பக்கம். மார்ஜினில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதி, அதன்மேல் கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. “இவனையும் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போயிரலாம்னு சில நாள் தோணுது.”

எங்கே போவது என்று நினைக்கிறீர்கள்? அம்மா வீட்டுக்கா, இல்லை உயிரையே விட்டுவிடலாம் என்றா? இரண்டாவது என்றால், ரெண்டாம் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இன்றே கணவரிடமோ அந்தச் சேச்சியிடமோ இதே வரியைச் சொல்லுங்கள். எண்ணம் வலுவாக இருந்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் இதையே சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் வரும் அம்மாக்களிடம் நானே கேட்டால், பத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு “ஆமா” என்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்வி. போகலாமா? போங்கள். ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதில் ஒரு தெளிவோடு போங்கள். அந்தக் கூட்டம் உங்களுக்கு. மகனுக்கான சிகிச்சை அல்ல. இந்த இரண்டும் கலந்ததால்தான் பொடியும் மிளகாயும் உள்ளே வந்தன.

மின்விசிறியை அணைத்த பெண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் மகன் காதைப் பொத்தியதும் அவர் அவனைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார். இது என்னால் முடியாது என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. என் அறையில் ஒரு பிள்ளை இருப்பது முக்கால் மணி நேரம். அங்கே விசிறி சத்தம் போடாது, குக்கர் விசிலடிக்காது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க மாட்டார். ஒரு முறை ஓர் அம்மாவிடம், அன்றாட வேலைகளைப் படமாக ஒட்டி வைத்துப் பையனுக்குக் காட்டச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மா, “நான் அடுப்புக்கரியால சமையக்கட்டுச் சுவத்துலயே வரைஞ்சுட்டேன், முடிஞ்சதை அவனே துணியால அழிப்பான்” என்றார். அடுத்த வாரமே அந்த முதல் அம்மாவின் வீட்டிலும் சுவரில் படம் வந்துவிட்டது. நான் சொன்னதும் அதேதான். ஆனால் லேமினேஷன், பிரிண்ட் என்று சொல்லியிருந்தேன்.

இது கிராமத்துச் சமாதானம் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பல நிறுவனங்களைத் தொடங்கியதே பெற்றோர்தான். 1962-இல் இங்கிலாந்தில் தேசிய ஆட்டிசம் சங்கத்தைப் பெற்றோர் சேர்ந்து தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான லோர்னா விங், மனநல மருத்துவரும் ஆட்டிசம் உள்ள பெண்ணின் தாயும். சென்னையில் வித்யாசாகரை 1985-இல் தொடங்கிய பூனம் நடராஜனும் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் அம்மாதான். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் பயிற்சியைப் பாருங்கள்: ஒன்பது குழு அமர்வுகள், மூன்று வீட்டு வருகைகள். பெரிய பட்டம் பெற்ற நிபுணர் இல்லாத இடத்திலும், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் நடத்தலாம் என்று யோசித்தே அதை வகுத்திருக்கிறார்கள். அதிலும் குழுவாக உட்காருவதுதான் பெரும்பகுதி.

வீடியோ விஷயம்

உங்கள் கணவர் கோபப்பட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை ஒப்புக்கொண்டால்தான் மறுபாதியை அவரிடம் பேச முடியும். கத்திக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையை, அவன் அம்மாவைக் கேட்காமல் படம் பிடித்து அனுப்பியது தவறு. நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும் தவறு. அவனுக்கு ஏழு வயது. நாளைக்குப் பதினேழு ஆகும்போதும் அந்தப் படம் யாரோ ஒருவர் போனில் இருக்கும்.

ஆனால் தவறு செய்தது கூட்டம் அல்ல, கூட்டத்தில் விதி இல்லாதது. கூப்பிட்ட சேச்சியிடம் நேராகச் சொல்லுங்கள்: அனுப்பியவர் அதை அழிக்க வேண்டும், யாருக்கெல்லாம் போனதோ அவர்களிடமும் அழிக்கச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் தொடங்கும்போதே மூன்று விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்காரலாம் என்று கேளுங்கள். போன்கள் எல்லாம் ஒரு கூடையில். இங்கே கேட்டது இங்கேயே. பிள்ளையின் பெயர், ஊர், எந்த வீடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, “என் மூத்தவன்” என்று சொன்னால் போதும். அவர்கள் மறுத்தால் அந்தக் கூட்டம் வேண்டாம், வேறு கூட்டம் தேடலாம். மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். டீயைத் துடைத்தவர்கள் அவர்கள்.

வீட்டு விஷயத்தை வெளியில் பேசுவது துரோகம் என்கிறீர்கள். மாமியாரோடு வரும் சண்டை, கணவரின் கடன் கணக்கு என்று பேசினால் அதற்கு ஒரு அளவு வேண்டும்தான். மகன் ஏன் கையைக் கடிக்கிறான் என்று கேட்பது எப்படி விற்பது ஆகும்? நாத்தனார் கல்யாணத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: ஆட்டிசத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரே ஒரு மரபணுவோ ஒரே ஒரு குடும்பமோ காரணம் என்று விரல் நீட்ட முடியாது. வரன் வீட்டில் கேட்டால் ‘அண்ணன் மகனுக்கு ஆட்டிசம்’ என்று நேராகச் சொல்வது, அவர்களே கண்டுபிடிப்பதைவிட நல்லது.

இன்னொன்று. நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது மலையேறி வேலை பார்த்ததால்தான் இப்படி என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. மகனுக்கு போன் கொடுத்ததாலும் இல்லை, தடுப்பூசியாலும் இல்லை. அம்மாவின் மேல் பழி போடும் பழக்கம் மருத்துவ உலகிலேயே ரொம்ப காலம் இருந்தது. தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்று படித்தவர்களே எழுதினார்கள். அது தவறு என்று உறுதியாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஊரில்தான் இன்னும் ஓயவில்லை.

பொடி, மிளகாய், ஸ்டெம் செல்

கூட்டத்தில் கிடைப்பதை இரண்டு கூடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். “என் பையனுக்கு நான் இப்படிச் செய்தேன்” என்பது ஒரு கூடை. அதைத் தாராளமாக வாங்கிக்கொண்டு வீட்டில் முயன்று பாருங்கள். “இதைக் கொடு, சரியாகிவிடும்” என்பது இன்னொரு கூடை. அதை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்தப் பொடிக்கு என்ன பெயர், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டேன் என்றால் பதில் கிடைத்துவிட்டது. ஆட்டிசத்தை இல்லாமல் ஆக்கும் பொடி, ஊசி, எண்ணெய் எதுவும் இல்லை. ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் வருவார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. 18,000 ரூபாய்க்கு நீங்கள் எத்தனை நாள் காய் எடுக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

மிளகாய் வேண்டவே வேண்டாம். கையில் தடவியது கண்ணுக்குப் போகும் என்பது ஒரு பக்கம். அதைவிட, கடிப்பது அவன் பேச்சு. பன்னிரண்டு சொல்லில் சொல்ல முடியாததைப் பல்லால் சொல்கிறான். அதை அடைத்தால் வேறு வழியில் வரும், தலையைச் சுவரில் மோதிக்கொள்ள ஆரம்பிக்கலாம்.

ஒரு வாரத்துக்கு ஒரு வேலை செய்யுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், அப்புறம் நாம் என்ன செய்தோம். மாமியாரையும் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு ஒன்று தெரிகிறது. ரோட்டில் படுத்ததாகச் சொன்ன மூன்று தடவையும் வழக்கமான வழியை விட்டு வேறு தெருவில் திரும்பியிருக்கிறீர்கள். ஒரு நாள் ரேஷன் கடைக்கு, ஒரு நாள் மருந்துக் கடைக்கு, ஒரு நாள் தேர் வந்ததால். அவன் அடம்பிடிக்கவில்லை. பாதை மாறியது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. கிளம்பும் முன் ரேஷன் கார்டைக் கையில் கொடுத்து, “கடை, அப்புறம் வீடு” என்று மூன்றே சொல் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் பலிக்காது. பத்து நாள் பாருங்கள்.

மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

உங்கள் மகனின் மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூடிஐடி என்ற அடையாள அட்டையும் இந்தியா முழுக்கச் செல்லும். கேரளத்தில் இன்னொன்று எடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது. ஆனால் அட்டை செல்வது வேறு, மாநில அரசு தரும் உதவித்தொகை வேறு. அது அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. அந்தப் பெண்கள் சொன்ன 600 ரூபாய், கேரள அரசு பராமரிப்பாளர்களுக்குத் தரும் ஆஸ்வாசகிரணம். தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். சான்றிதழில் எழுதியிருக்கும் வகையையும் சதவீதத்தையும் பார்த்துக் கொடுப்பார்கள். தேனி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். உறவினர் வீட்டு முகவரியைக் காட்டி இரண்டு பக்கமும் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர்கள் மாட்டிக்கொள்ள மாட்டார்கள், நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு, அதை அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லாதது ஆச்சரியம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது.

அந்தப் பெண்களின் பிள்ளைகள் படிக்கும் பட்ஸ் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவை குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு இயக்கத்தின் துணையோடு கேரள உள்ளாட்சிகள் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக நடத்தும் சிறப்புப் பள்ளிகள். தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏழு வயதுப் பையனை ஏற்றி இறக்குவதை முதலில் யோசியுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் ஊர்ப் பள்ளி அவனுக்கு உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. பெற்றோர் விரும்பினால் சிறப்புப் பள்ளி. தினமும் பதினொரு மணிக்கு அனுப்பிவிடுவது சேர்த்துக்கொண்டதாக ஆகாது. தலைமை ஆசிரியரிடம் சண்டை போடாமல், கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். பள்ளிக்கு எழுதிப் பழகிய ஒரு அம்மா கூட வந்தால் பேச்சின் தோரணையே மாறும். கூட்டத்தின் இன்னொரு பயன் இது.

கணவர்

அவரை அந்த வட்டத்தில் உட்காரவைக்க முயலாதீர்கள். ஆண்கள் நாற்காலியைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்து பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. வண்டியின் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு பேர் எஞ்சினைப் பார்த்தபடி பேசுவார்கள், அதில் எல்லாம் வரும். அந்த ஒரே ஒரு அப்பா இருக்கிறாரே, அவரை ஒரு நாள் ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்து டீ குடிக்கச் சொல்ல முடியுமா என்று சேச்சியிடம் கேளுங்கள். ஆட்டிசம் பற்றி அவர் ஒரு வார்த்தையும் ஆரம்பிக்க வேண்டாம். தன் பையனையும் கூட்டிவந்தால் போதும்.

கணவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது அனுமதி அல்ல, ஒரு பேரம். “வீடியோ அழிச்சாச்சு, போன் கூடையில போடுவாங்க, ரெண்டு மணி நேரம், மூணு மாசம் போய்ப் பார்க்கிறேன். எனக்குத் தூக்கம் வரலைன்னா நிறுத்திக்கிறேன்.” அவர் உங்கள் தூக்கத்தைக் கவனித்திருப்பார். காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் சனிக்கிழமை கூலியை விட முடியாது என்றால், கூட்டத்தை ஞாயிறுக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்ட வேலைக்காரர்கள்தானே.

அடுத்த முறை மகனைக் கூட்டிப் போக வேண்டும் என்றும் இல்லை. ஒரு முறை அவன் இல்லாமல் போய், முழுசாக ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, மாமியார் சொல்லும் மொழி விஷயம். வீட்டில் தமிழ், அங்கே மலையாளம், இரண்டையும் கேட்டால் இருக்கும் பன்னிரண்டு சொல்லும் போய்விடும் என்று பயப்படுகிறார். போகாது. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. நீங்கள் உங்களுக்கு வாயில் வருகிற தமிழிலேயே அவனோடு பேசுங்கள். அவர்கள் அவர்கள் பாஷையில் பேசட்டும். என்றைக்காவது அவன் டம்ளரைக் காட்டி “சாயா” என்று கேட்டால், “டீன்னு சொல்லு” என்று திருத்தாதீர்கள். ஊற்றிக் கொடுங்கள்.